நடு அடுக்கு

மூட்டையை மேல போடச் சொல்லிக் கண்டக்டரு கத்திட்டே போறாரு. மேல போட்டா நசுங்கிப் போகுமுங்க. நான் மடியிலயே வெச்சுக்கறேன். உங்களுக்கு இடிக்குதுங்களா அம்மிணி? சித்த அக்கட்ட தள்ளி உக்காருங்க, ஆங், போதும். குண்டடத்துல எறங்கிருவேன்.

கனமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அதுதான் எனக்கே அசிங்கமா இருக்குது. ராசாமணி தூக்கிட்டுப் போற மூட்டை, அப்பளக்கட்டு மாதிரி இருக்குது! என்ற குடோன்ல இருந்து இப்படி ஒரு மூட்டை வெளிய போனதே இல்லீங்க.

குடோன்னா, பனியன் வேஸ்ட் குடோனுங்க. திருப்பூருல கம்பெனிக்காரங்க துணி வெட்டறப்ப மிஞ்சுமில்லைங்களா, துண்டும் துக்கடாவும், அதெல்லாம் எங்ககிட்ட வரும். வெள்ளை தனி, கலர் தனின்னு பிரிச்சு, மெஷின்ல குடுத்துக் கிழிச்சு, மறுபடியும் பஞ்சாக்கி மூட்டை கட்டி அனுப்பறது. எங்க ஊட்டுக்காரரு ஆரம்பிச்சது. அவரு போனதுக்கப்பறம் நான்தான் பாக்கறேன். ஒருத்தன் என்னைய ஏமாத்துனான்னு இல்லீங்க. என்ற மூட்டையில இது சொத்தை, இது சொள்ளைன்னு ஒருத்தன் வாயத் தொறந்ததில்ல. இத்தன வருசத்துல ஒரே ஒருத்தருதான் கொறை கண்டாரு. யாருன்னு நெனைக்கறீங்க? நானே காபி ஆத்திக் குடுத்து, நானே பொண்ணக் குடுத்தனே, எங்க மாப்ளதானுங்க. இப்ப அவரு ஊட்டுக்குத்தான் போறேன்.

எங்க மாப்ள பேரு தரணிதரன். பேருலயே தரணி இருக்குது, அதனால தரணியக் காப்பாத்தோணும்னு பொறந்தவரு. பிளாஸ்டிக்குக்குன்னே ஒரு படிப்பு இருக்குதாமுங்க, அதப் படிச்சவரு. சென்னையில காருக்குச் சாமானம் பண்ற கம்பெனியில வேலை. ஏசி ரூம்பு, கழுத்துல பட்டை போட்ட அட்டை. அதப் பாத்துத்தான என்ற புள்ள மேகலாவைக் கட்டிக் குடுத்தேன்! ஒத்தைக்கு ஒரு புள்ளைங்க எனக்கு. கல்யாணம் ஆன மறு வருசமே வேலைய உட்டுப்போட்டு வந்து நிக்கறாரு. ஏனுங்க மாப்ளன்னா, குண்டடத்துல அவிய அப்பனோட காடு இருக்குது, அங்க ஷெட்டுப் போட்டு பலகை பண்ணப் போறேங்கறாரு.

என்ன பலகைன்னு கேளுங்க. ஒடைஞ்ச பக்கெட்டு, ஓட்டைக் கொடம், இந்தப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கறதாம். அதுல நம்ம பஞ்சைக் கலக்கறதாம். அச்சுல தள்ளுனா பலகையா வருமாம். மரத்த வெட்ட வேண்டாம், செல்லு அரிக்காது, மழையில ஊறாது. நான் வாயில புடவைத் தலைப்ப வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், சிரிச்சுரக் கூடாதுன்னு. "மாப்ள, துணி வேற சாதி, பிளாஸ்டிக் வேற சாதி, ரெண்டும் எங்கீங்க ஒட்டும்?"ன்னேன். "அத்தை, மண்ணுல வைக்கோல் போட்டு மிதிச்சுச் செவுரு வெக்கறாங்கல்ல, அந்த மாதிரிதானுங்க. பஞ்சுதான் புடிச்சு நிறுத்தும்"ங்கறாரு. அப்ப மண்ணுலயே வெச்சுட்டுப் போங்களேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மாப்ளயாச்சே. முழுங்கிட்டேன்.

சரி, கெரகம், பஞ்சு வேணும்ல? பஞ்சு நம்மகிட்டத்தான இருக்குது. "அத்தை குடோன் இருக்கறப்ப நான் எதுக்கு ஊரான்கிட்டப் போறேன்"ன்னாரு. அந்த வார்த்தைக்குத்தான் நான் மயங்கிப் போயிட்டேன். ஒண்ணு மட்டும் சொன்னாரு. "ஈரம் மட்டும் ஆகாதுங்க அத்தை. ஒரு பொட்டு ஈரமும் இருக்கப் படாது"ன்னாரு. "அட நீங்க வேற மாப்ள, சுக்காட்டம் இருக்கும்"னு சொன்னேன்.

சுக்காட்டம்தான் குடுத்தேன். இப்ப நீங்க வெளியாளு, உங்ககிட்டச் சொன்னா என்ன? எந்த வேஸ்ட் குடோன்ல தண்ணி தெளிக்காம மூட்டை கட்டறாங்க? காமிக்கச் சொல்லுங்க பாக்கலாம். பஞ்சு தண்ணியக் குடிச்சுக்கும், எடை நிக்கும். அதுவும் போக, தெளிக்காட்டிப் பறக்குமுங்க. ஆளுகளுக்கு மூக்குல ஏறி இருமித் தள்ளுவாங்க. ஒரு பொறி பட்டாப் போதும், குடோனே பத்திக்கும். ஒரு அடுக்குப் பஞ்சு, மிதிக்கறது, அப்பறம் நடு அடுக்குல தண்ணி, மறுபடியும் பஞ்சு. மேல தெளிக்கறவன் தொழில் தெரியாதவன். நடு அடுக்குல தெளிச்சாத்தான் மேல கைய வெச்சாக் காஞ்சு இருக்கும். எங்க மாமியாரு பருத்தி மூட்டைக்குப் பண்ணுனது, எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நான் மேகலாவுக்குச் சொல்லிக் குடுத்தேன். பள்ளிக்கூடம் உட்டு வந்து பாவாடையத் தூக்கிச் சொருகிட்டு தண்ணி டியூபைப் புடிப்பா பாருங்க, அவ்வளவு நேக்கா! சனிக்கெழமையான்னா குடோன்ல அவ சிரிப்புச் சத்தந்தான் கேக்கும். ஆளுக மேலயெல்லாம் பீச்சி அடிச்சு லொள்ளு பண்ணுவா.

ஆனா மாப்ளைக்கு அப்படியே குடுக்க மனசு வருமுங்களா? ஊருக்கெல்லாம் ரெண்டு கொடம் ஊத்துனா, மாப்ள மூட்டைக்கு ஒரு கொடம்தான் ஊத்துனேன். பாதி! பெத்த தாயி கூட அப்படிப் பாத்துப் பண்ண மாட்டா. அதுக்கு ஒரு நன்றி இருக்குதுங்களா? கேளுங்க.

ஷெட்டுத் தொறந்தன்னிக்கு நான்தான் முதல் மூட்டைக்குச் சந்தனம் வெச்சுக் குங்குமம் வெச்சேன். மூட்டை ஏத்திட்டு வந்த வண்டி டிரைவரு, பிரிச்சு எடை போடலாமுங்களான்னு கேட்டான். மாப்ள என்ன சொன்னாரு தெரியுமுங்களா? "மாமியாரு ஊட்டு மூட்டையைப் பிரிச்சுப் பாக்கறது மரியாதை இல்ல, அப்படியே மெஷின்ல போடு"ன்னாரு. சபையில சொன்னாருங்க, என்ற ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் இருக்கறப்ப. எங்க பக்கம் அப்படித்தான். சம்பந்தி ஊட்டுச் சாமானத்தப் பிரிக்கறதும் கெடையாது, நிறுக்கறதும் கெடையாது. அன்னிக்கு எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அந்த மரியாதை இன்னைக்கு எங்க போச்சுன்னுதான் கேக்கறேன்.

பலகை வந்துச்சு. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, கருகருன்னு. மொத வியாபாரம் எங்கண்ணனுக்கு. மூலனூர்ல ஆட்டுப் பண்ணை வெச்சிருக்காரு, பரண் போட்டு மேல ஆடு கட்டறாரு. "அண்ணா, மாப்ள பலகையவே போடு"ன்னு நான்தான் சொன்னேன். போட்டாரு. ஆடி மாசம், காத்து சும்மா அடிக்குது. எங்கண்ணன் போன் பண்றாரு. "ராசாமணி, உங்க மாப்ள பலகை பொடக்குனு போயிருச்சு, கெடா கால உள்ள உட்டுட்டுத் தொங்குது"ன்னு. போயிப் பாத்தா ஒரு பலகையில்ல, வரிசையாப் போயிருக்குது. ஒடைஞ்ச எடத்துல பாக்கறேன், உள்ள பூராவும் ஓட்டை ஓட்டையா, ஆப்பத்த அறுத்து வெச்ச மாதிரி. எங்கண்ணி சும்மா இருப்பாளா? "பரவால்லைங்க, ஆடு நிக்கலீன்னாலும் தேங்காப்பால் ஊத்திச் சாப்புடலாம்"னு சொல்லிட்டா. ஒறம்பரையில பூராவும் அதுதான் பேச்சு. காதுகுத்துக்குப் போனா ஆப்பக்கார மாப்ள, கருமாதிக்குப் போனா ஆப்பக்கார மாப்ள.

நான் அப்பவே சொன்னேன், துணியும் பிளாஸ்டிக்கும் ஒட்டாதுன்னு. படிச்ச மனுசரு கேக்கோணும்ல? சூடு பத்தலீன்னாரு. சூட்டக் கூட்டுனாரு, இன்னும் பெரிய ஓட்டை வந்துச்சு. ஒட்டறதுக்குன்னு ஒரு மருந்து இருக்குதாம், அது சரியில்லீன்னு வேற மருந்து வாங்குனாரு. மெஷின அக்கு அக்காக் கழட்டிப் போட்டாரு. யாரோ ஒரு வாத்தியாரக் கோயமுத்தூருல இருந்து கூட்டிட்டு வந்தாரு, அந்தாளு பலகைய மோந்து பாத்துட்டு, "நீராவி மாதிரி இருக்குது, பஞ்சுல ஈரம் இருக்குதா பாருங்க"ன்னானாம். எங்க மாப்ள, "இல்லைங்க சார், அது எங்க அத்தை குடோன் பஞ்சு"ன்னு சொல்லிட்டாராம். மரியாதை தெரிஞ்ச மனுசன். அன்னிக்கு வரைக்கும்.

ஒரு நாள் நான் போயிருந்தப்பப் பாத்தேன். மனுசரு தாடியும் கீடியுமா, ஒடைஞ்ச பலகைய மடியில வெச்சுட்டு மெஷினுக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்திருக்காரு. கூட்டாளி ஒருத்தரு இருந்தாரு, அவரும் போயிட்டாரு. மேகலா பக்கத்துல ஒக்காந்து அவரு முதுகத் தடவிட்டு இருக்கறா. ஆம்பளைக்கு இப்படி ஒரு வெசனமா! எங்க ஊட்டுக்காரரு குடோன் வெள்ளத்துல போனப்பக் கூட மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டுத்தான் படுத்தாரு. "சென்னைக்கே போயிருங்க மாப்ள, அந்த அட்டையக் கழுத்துல மாட்டிக்கங்க, உங்களுக்கு அதுதான் தோதுப்படும்"னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். ரெண்டு பேரும் வாசல் வரைக்கும் கூட வரலீங்க.

கொடுவாய் வந்துருச்சுங்களா? டீ குடிக்கறதுன்னா எறங்கிக் குடிங்க, மூட்டைய நான் பாத்துக்கறேன். வேண்டாமா? சரி.

ஐப்பசி மழையில நடந்ததுதானுங்க கூத்து. மாப்ள ஊட்டுல இல்ல. மேகலா தனியா ஷெட்டுக்குள்ள போயிருக்கறா. என்ன தோணுச்சோ, நம்ம மூட்டை ஒண்ணை அறுத்திருக்கறா. மேல கைய வெச்சிருக்கறா, காஞ்சிருக்குது. அப்பறம் முழங்கை வரைக்கும் உள்ள உட்டிருக்கறா. எனக்குப் போன் வருது. "ஏம்மா, நடு அடுக்குலயா?"ங்கறா. எடுத்த எடுப்புல, சாப்டயான்னு கூடக் கேக்கல. "பின்ன மேலயா தெளிப்பாங்க, ஊருக்கே தெரியறதுக்கு?"ன்னேன். பாத்தா அழுகறா. "அவருக்குமாம்மா?"ன்னா. "அவருக்குப் பாதிதான் கண்ணு, பாதிதான்"னு சொல்றேன், அதுக்கு இன்னும் ஏங்கி ஏங்கி அழுகறா. "அவரு உன்ற மூட்டையப் பிரிக்கவே மாட்டேன்னாரும்மா, எனக்குத் தெரியுமேம்மா, நான்தான டியூபு புடிச்சேன், எனக்குத் தோணலியே"ன்னு பொலம்பறா. தண்ணி தெளிச்சதுக்கு ஒருத்தி அழுது பாத்திருக்கறீங்களா நீங்க? ஏதோ கொலை பண்ணிப்போட்ட மாதிரி! ஏன் அழுகறேன்னு கேட்டேன், போன வெச்சுட்டா.

அந்தக் கழுதை போயிப் புருசன்கிட்டச் சொல்லியிருக்கறா. பெத்தவளக் காட்டிக் குடுத்திருக்கறா. மறு வாரம் மாப்ள வர்றாரு குடோனுக்கு. தாடி எடுத்துட்டு, குளிச்சு முழுகி, கையில ஒரு மெஷின். டார்ச் லைட்டாட்டம் இருக்குது, முன்னால ரெண்டு ஊசி. வாங்க மாப்ளன்னேன், காபி குடிங்கன்னேன். "இருக்கட்டுங்க அத்தை"ன்னு நேராப் போயி, கட்டி வெச்சிருக்கற மூட்டையில அந்த ஊசியக் குத்தறாரு. ஆழமா. ஈரம் பட்டாக் கத்துமாமே, கீ கீன்னு கத்துது அந்தச் சனியன். ஏதோ நம்பரு காட்டுது, அதப் பாக்கறாரு, அடுத்த மூட்டையில குத்தறாரு. என்ற ஆளுக அத்தன பேரும் வேலையப் போட்டுட்டு நின்னு பாக்கறாங்க. எனக்கே குத்துன மாதிரி இருந்துச்சுங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன். திட்டவே இல்ல. ஊசியத் தொடச்சுப் பையில வெச்சுட்டு, "போயிட்டு வர்றேங்க அத்தை"ன்னு கும்புட்டுட்டுப் போயிட்டாரு. என்ன ராங்கு பாருங்க!

அன்னியில இருந்து பஞ்சு யாருகிட்ட வாங்கறாருங்கறீங்க? எதுத்த குடோன் நாச்சிமுத்துகிட்ட! அவன் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்லீங்க. எனக்கு மேல ஊத்துவான். ஊசி குத்திட்டுத்தான் எறக்குவேன்னு மாப்ள சொன்னதுனால காய வெச்சுக் குடுக்கறான். என்னையும் குத்திட்டு எறக்கறேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொந்த மாமியாரு குடோனத் தாண்டி எதுத்தாப்புல வண்டிய நிறுத்திப் பஞ்சு ஏத்தறாரு. ஊரே பாக்குது. நாச்சிமுத்து என்னையப் பாத்துப் பல்லக் காட்டறான். இதுக்கு நான் வெசத்தக் குடிக்கலாம்.

ஆமா, இப்பப் பலகை ஒடையறதில்ல, ஒத்துக்கறேன். எங்கண்ணனுக்கு மாப்ளையே பரணு மாத்திப் போட்டுக் குடுத்திருக்காரு, கெடா ஏறி நின்னு மேயுதாம். எங்கண்ணியே, "உங்க மாப்ள கெட்டிக்காரரு"ங்கறா. ஆட்டத் தாங்கறது ஒரு பெரிய காரியமா? குண்டடம் ஸ்டாப்புல அந்தப் பலகையில பெஞ்சு பண்ணிப் போட்டிருக்காராம், ஊருசனம் உக்காந்து கத பேசுதாம். நான் உக்கார மாட்டேன். நின்னுட்டே இருந்தாலும் இருப்பேன், அதுல உக்கார மாட்டேன்.

ஆனா மேகலா... அவ வரலைங்க அம்மிணி. தீவாளிக்கு வரல. மாரியம்மன் நோம்பிக்கு வரல. சட்டி நெறைய முறுக்குச் சுட்டு வெச்சுட்டு நான் வாசலப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அவ இல்லாம அந்த ஊட்டுல என்னங்க இருக்குது? யாருக்காக நான் குடோன் நடத்தறேன்? நான் அடிச்சாலும் புடிச்சாலும் அவளுக்குத்தான. எனக்கு என்ற புள்ள வேணுமுங்க. வெக்கத்த உட்டுச் சொல்றேன்.

போன வாரம் அவளே போன் பண்ணுனா. "அவருகிட்டப் பேசியிருக்கறேன். நீ ஒரு மூட்டை, ஒரே ஒரு மூட்டை காஞ்ச பஞ்சு கொண்டு வாம்மா. அவரு ஊசி குத்திப் பாக்கட்டும். காஞ்சிருந்தா இனிமேல் உன்ற குடோன்லதான் வாங்கறேங்கறாரு, நானும் பழையபடி வந்து போயிட்டு இருப்பேன். ஈரம் இருந்துச்சுன்னு வெய்யி, அவரு மூஞ்சியிலயும் நான் முழிக்க முடியாது, உன்ற மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்"னா. பெத்தவளுக்குப் பரீச்சை வெக்கறா பாருங்க! எந்த ஊருலயாவது நடக்குமா?

இருந்தாலும் பண்ணுனேன். நானே பண்ணுனேன், ஆளுககிட்டக் குடுக்கல. நல்ல வெள்ளை வேஸ்ட்டா எடுத்து, கிழிச்சு, மொட்டை மாடியில சேலை விரிச்சுக் காய வெச்சேன். வெய்யில்ல கூடவே உக்காந்து கெளறி உட்டேன். பொழுது எறங்குனா அள்ளி உள்ள வெக்கறது, விடிஞ்சா மறுபடியும் விரிக்கறது. கைல அள்ளுனா இருக்கறதே தெரியல அம்மிணி. இத்தன வருசம் பஞ்சுத் தொழில் பண்றேன், காஞ்ச பஞ்சு இப்படி இருக்கும்னு இப்பத்தான் பாக்கறேன். ஒரு பொட்டு ஈரம் இல்ல. குத்தட்டும், எங்க வேணாக் குத்தட்டும்! அந்தச் சனியன் இன்னைக்குக் கத்துதான்னு நானும் பாக்கறேன்.

ஐயோ, உங்க மேலயெல்லாம் பஞ்சாப் போச்சே. சன்னல் காத்துக்குத் தையல் உட்டுப் போச்சாட்ட இருக்குது. முன் சீட்டுக்காரரு வேற திரும்பித் திரும்பி மொறைக்கறாரு. இருங்க சார், அமத்தறேன், பஞ்சுதான, பாம்பா வந்து விழுந்துச்சு? காஞ்சது அப்படித்தான் பறக்கும். அம்மிணி, உங்க கால்கிட்டத் தண்ணி பாட்டில் இருக்குதே, சித்தக் குடுங்க. குடிக்க இல்லீங்க. இந்த வாயச் சித்தப் பிரிச்சு, கைய உள்ள உட்டு... ஆங், இப்படி நடுவால ஒரு கை தண்ணி, அவ்வளவுதான், பறக்கறது அடங்கிரும். இன்னொரு கை. ஏனுங்க என்ற கையப் புடிக்கறீங்க? உங்க தண்ணியத் தீத்துர மாட்டேன், பயப்படாதீங்க. மேல தொட்டுப் பாருங்க, சுக்காட்டம் இருக்குதா இல்லையா?

குண்டடம் வந்துருச்சு, வழிய உடுங்க. அதா, அந்தக் கருப்புப் பெஞ்சுல உக்காந்திருக்கறா பாருங்க, பச்சைச் சேலை. என்னையப் பாத்துட்டா. எந்திரிச்சு வர்றா, சிரிக்கறா பாருங்க அம்மிணி, என்ற புள்ள சிரிக்கறா! பக்கத்துல அவரும் நிக்கறாரு, அந்த ஊசியோட. நிக்கட்டும், நிக்கட்டும். மூட்டைய இப்படித் தூக்கிக் குடுங்க. ம், இப்பத்தானுங்க கையில ஒரு மூட்டை இருக்கற மாதிரி இருக்குது.